ஏழு பச்சைப் புள்ளிகள்

பிப்ரவரி 9

அக்காவுக்கு,

இந்தக் கடிதம் உங்களுக்கு ஆச்சரியமாக இருக்கும். போனில் பேசினால் மூன்றாவது நிமிடம் பேச்சு அம்மாவிடம் போய் நிற்கும், நாலாவது நிமிடம் யாராவது ஒருத்தி வைத்துவிடுவோம். அதனால்தான் எழுதுகிறேன்.

உங்களுக்குக் கழுத்துக்கட்டி அறுவை சிகிச்சை நடந்தது சித்தப்பா சொல்லித்தான் தெரியும். நீங்கள் சொல்லவில்லை. அதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. உடம்பு தேறியிருக்கும் என்று நம்புகிறேன்.

இப்போது விஷயம். நான் வேலை செய்யும் ஆய்வுக்கூடத்தில், எங்கள் டாக்டரம்மாவின் கீழ், பெண்களின் தைராய்டு சுரப்பியைப் பற்றி ஓர் ஆராய்ச்சி நடக்கிறது. ஒப்பிட்டுப் பார்க்க, குழந்தையே பெறாத பெண்களின் சுரப்பியும் வேண்டும். அறுவை சிகிச்சைக்கு வருகிறவர்களில் அப்படிப்பட்டவர்கள் குறைவு. உங்களிடமிருந்து எடுத்ததை அந்த மருத்துவமனை மெழுகில் பதித்து வைத்திருக்கும். நீங்கள் கையெழுத்துப் போட்டால் எங்களுக்கு அனுப்பிவைப்பார்கள்.

படிவம் இணைத்திருக்கிறேன். எட்டுப் பக்கம். தயவுசெய்து முழுவதும் படித்துவிட்டுக் கையெழுத்திடவும்.

இப்படிக்கு,
தங்கை


பிப்ரவரி 17

சுண்டெலி,

எப்போதிலிருந்து நான் உனக்கு ‘நீங்கள்’ ஆனேன்? உறையில் இருந்த முத்திரையைப் பார்த்து, ஏதோ அரசாங்கக் கடிதம் என்று நாலு நாள் மேசையிலேயே போட்டுவைத்திருந்தேன். உள்ளே நீ இருந்தாய். ‘இப்படிக்கு, தங்கை’யாம். வேறு யார் எனக்கு?

கழுத்து சரியாகிவிட்டது. ஒரு கோடு மட்டும் இருக்கிறது, சங்கிலி போட்ட மாதிரி. குரல் கொஞ்சம் கரகரக்கிறது. இந்த மலைமேல் வானிலை நிலையத்தில் யாரோடு பேசப்போகிறேன், இருந்துவிட்டுப் போகட்டும். காலையில் எழுந்து மழைமானியைப் பார்ப்பேன், ஈரப்பதம் குறிப்பேன், எட்டரை மணிக்குப் பலூன் விடுவேன். முப்பது வருஷமாக விடுகிறேன், இன்னும் அது கையை விட்டுப் போனதும் புள்ளியாகும்வரை அண்ணாந்து நிற்கிறேன். வெள்ளையாக, என் உயரத்துக்கு இருக்கும். மேலே போகப் போகச் சின்னதாகத் தெரியும். உண்மையில் அது பெரிதாகிக்கொண்டே போகிறது, கடைசியில் எங்கோ ஒரு வீடு அளவுக்கு ஊதி வெடிக்கும். கீழே நிற்கிறவளுக்குத் தெரியாது.

இந்த மாதம் மேகம் அறைக்குள்ளேயே வந்து உட்காருகிறது. போர்வை ஈரமாகிவிடுகிறது.

படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். எட்டுப் பக்கத்தையும் படிக்க எனக்குப் பொறுமை ஏது? ‘இதற்குமுன் கருவுற்றது உண்டா’ என்ற இடத்தில் ‘இல்லை’ என்று குறித்திருக்கிறேன். வேறு ஏதாவது விட்டுப்போயிருந்தால் நீயே நிரப்பிக்கொள்.

உனக்கு ஏதோ ஒன்றுக்காவது நான் உதவுகிறேனே, அது போதும்.

அக்கா


ஏப்ரல் 3

அக்கா,

உன் மெழுகுக் கட்டி வந்துசேர்ந்தது. அதற்கு எண் நாற்பத்தொன்று. கட்டை விரல் நகம் அளவுதான். அதை மயிரிழையைவிட மெல்லியதாகச் சீவி, வெதுவெதுப்பான தண்ணீரில் மிதக்கவிட்டு, கண்ணாடித் துண்டில் ஏந்தி எடுத்தேன். எத்தனையோ பேருடையதை எடுத்திருக்கிறேன், எண்ணை மட்டும்தான் பார்ப்பேன். இதை எடுக்கும்போது ‘அக்கா’ என்று சொல்லிக்கொண்டேன்.

நான் என்ன தேடுகிறேன் என்று உனக்குச் சொல்லவேண்டும். நீதான் படிக்கவில்லையே.

ஜன்னலை அடைத்த சின்ன அறையில், நடுப்பகலிலும் இருட்டில்தான் வேலை. மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்தால், ஒவ்வொரு செல்லின் நடுவிலும் நீல வெளிச்சம். விமானத்திலிருந்து ஏதோ ஊரைப் பார்ப்பது போல இருக்கும். ஆண்களின் செல்லில் மட்டும் இருக்கிற ஒய் குரோமோசோம் மேல் போய் ஒட்டிக்கொள்ளும் ஒரு சாயம் உண்டு. அது பச்சையாக மின்னும். பெண்ணின் சுரப்பியில் பச்சை இருக்கக் கூடாது. ஆனால் சிலரிடம் இருக்கிறது. மகனைச் சுமந்தபோது அவனுடைய செல்கள் சில தாயின் ரத்தத்துக்குள் வந்து, எங்கேயாவது தங்கிவிடுகின்றன. பல வருஷம் கழித்தும் இருக்கின்றன. அதைத்தான் எண்ணுகிறோம்.

உன் கண்ணாடியில் ஏழு பச்சைப் புள்ளிகள்.

பயப்படாதே, இது நோய் இல்லை. வேறு வழிகளிலும் வரலாம். ஆண் ஒருவரின் ரத்தத்தை எப்போதாவது ஏற்றியிருக்கலாம். அல்லது நமக்கு முன்னால் அம்மா வயிற்றில் ஓர் ஆண் குழந்தை தங்காமல் போயிருந்தால், அவனுடையது அம்மா வழியாக உனக்கு வந்திருக்கலாம். இன்னும் சில வழிகளைப் பற்றியும் பேசிக்கொள்கிறார்கள்.

உண்மையில் நான் இதை உன்னிடம் கேட்கவே கூடாது. மாதிரி கொடுத்தவரிடம் பேசக் கூடாது என்பது விதி. டாக்டரம்மா கேட்பதற்குள் தெரிந்துகொள்ளலாமே என்றுதான். உனக்கு எப்போதாவது ரத்தம் ஏற்றினார்களா?

சின்னவள்


ஏப்ரல் 11

சின்னவளுக்கு,

ஆமாம், ஏற்றினார்கள். எழுதிக்கொள்.

இங்கே காற்று அதிகம். இரண்டு பலூன் கம்பியில் கிழிந்துவிட்டது. வேலை நிறைய இருக்கிறது.

அக்கா


ஏப்ரல் 20

அக்கா,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். மூன்று வரிதான், அதனால் சுலபம்.

உன் அறுவை சிகிச்சைக் குறிப்பு என்னிடம் இருக்கிறது. ரத்தம் ஏற்றப்படவில்லை, முன்பும் ஏற்றியதில்லை என்று நீயே அங்கே சொல்லியிருக்கிறாய்.

நான் போலீஸ் இல்லை. விசாரிக்க எனக்கு உரிமையும் இல்லை. ஆனால் கணக்குப் போடாமல் இருக்க முடியவில்லை. முப்பத்தோரு வருஷத்துக்கு முன்னால், எனக்குப் பதினைந்து வயது. வேலை கிடைத்துவிட்டது என்று ஒரு பையோடு போனாய். அம்மாவுக்கு ஒரு பக்கம் இழுத்து, பேச்சு போனபோது எழுதினேன், வரவில்லை. திரும்ப எழுதினேன், வரவில்லை. அச்சடித்த மாதிரி ஒரே பதில்: ‘லீவு கிடைக்கவில்லை, கண்ணு.’ அம்மாவைத் திருப்பிப் படுக்கவைக்க எனக்குத் தெம்பு இல்லாமல் பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிடுவேன். அம்மா போய் ஐந்து வாரம் கழித்து வந்தாய், எலும்பும் தோலுமாக. ‘இப்ப எதுக்கு வந்தே?’ என்று கேட்டேன். நீ பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. அதற்குப் பிறகு நாம் பேசியதெல்லாம் பேச்சே இல்லை.

அந்த வருஷத்தைப் பற்றி நான் எதுவும் கேட்கவில்லை. உனக்கு விருப்பமில்லாத எதையும் கிளறவும் இல்லை. இத்துடன் ஒரு தாள் வைத்திருக்கிறேன். அதில் கையெழுத்துப் போட்டால் உன் மாதிரியை ஆராய்ச்சியிலிருந்து விலக்கிவிடுவேன். விலக்கியதை எல்லாம் மாதக் கடைசியில் உலையில் போட்டு எரித்துவிடுவார்கள். மெழுகு, கண்ணாடி எதுவும் மிஞ்சாது. யாருக்கும் எதுவும் தெரியாது. எனக்கும்தான்.

சின்னவள்


ஏப்ரல் 25

சுண்டெலி,

எரிக்காதே. எரித்துவிடாதே. தாளைக் கிழித்துப்போட்டுவிட்டேன்.

தந்தி மாதிரி இதோடு நிறுத்தி அனுப்பலாம் என்றுதான் உட்கார்ந்தேன். தபால்காரர் வர இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது. வெளியே ஒன்றுமே தெரியவில்லை, எல்லாம் வெள்ளை. இந்த மாதிரி நாளில்தான் சொல்ல முடியும்.

நீ ஒரு பையனுக்குச் சித்தி ஆனாய். உனக்குப் பதினைந்து வயதில்.

அவன் அப்பா யாரென்று கேட்காதே. கெட்டவர் இல்லை, தைரியம் மட்டும் இல்லை. அம்மாவுக்குத் தெரியும். அம்மாதான் என்னை அனுப்பினாள். கத்தவில்லை, அடிக்கவில்லை. என் துணிகளை அவளே மடித்துப் பையில் வைத்தாள். கதவருகே வந்து சொன்னாள்: “இந்த வயித்தோட இந்த வாசல்ல கால் வைக்காதே. சின்னவளுக்குத் தெரியக் கூடாது. அவளுக்குத் தெரிஞ்ச அன்னிக்கு நான் இல்ல.”

ஒரு சலவைக் கடையின் மாடியில் அறை எடுத்தேன். தரைப்பலகை இடுக்கு வழியாக நாள் முழுக்க நீராவி மேலே வரும். கடைக்கார அம்மா சட்டைகளுக்குப் பொத்தான் தைக்கக் கொடுப்பாள். உன் முதல் கடிதம் வந்தபோது எனக்கு ஆறாம் மாதம். பையைக் கட்டினேன், அவிழ்த்தேன். திரும்பவும் கட்டினேன். அம்மாவுக்கோ ஏற்கெனவே இழுத்துக்கொண்ட உடம்பு. என்னை இந்தக் கோலத்தில் பார்த்தால் அந்த நிமிடமே போய்விடுவாளோ என்று பயம். லீவு கிடைக்கவில்லை என்று உனக்கு எழுதிவிட்டு, அந்தக் கடிதத்தின் மேலேயே தலை வைத்துக் கிடந்தேன்.

அம்மா போய்விட்டாள் என்று தந்தி வந்ததும், இனி யாருக்குப் பயப்பட வேண்டும் என்று கிளம்பிவிட்டேன். ஆமாம், கிளம்பினேன். பஸ் நிலையத்தில், சீட்டு வாங்க நின்ற வரிசையிலேயே வலி வந்துவிட்டது. மறுநாள் காலை பிறந்தான். ஏழரை மாதம். என் உள்ளங்கையில் தலை வைத்தால் முழங்கை வரைக்கும்கூடக் கால் எட்டாது. கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தார்கள். பக்கத்து ஓட்டை வழியாகக் கையை விட்டு விரலைக் கொடுத்தால் பிடித்துக்கொள்வான். என்ன பிடி தெரியுமா!

ஆறு நாள். ஏழாம் நாள் காலை நர்ஸ் வெறும் துண்டை மடித்து எடுத்துக்கொண்டு வந்தாள். “விடியக்காலையில முடிஞ்சிடுச்சும்மா” என்றாள். நான் பொய்ப் பெயரில் சேர்ந்திருந்தேன். போட்டோ இல்லை, சான்றிதழ் இல்லை, எங்கே வைத்தார்கள் என்று கேட்கவும் தெம்பில்லை. அவன் இருந்தான் என்பதற்கு உலகத்தில் என்னைத் தவிர அத்தாட்சி கிடையாது.

உன்னிடம் ஏன் சொல்லவில்லை? உனக்கு அப்போது மிச்சமிருந்தது அம்மாவைப் பற்றிய நினைவு ஒன்றுதான். அதைப் பிடுங்க மனசு வரவில்லை. என்மேல் கோபப்பட்டால் என்ன, நான்தான் உயிரோடு இருக்கிறேனே, தாங்கிக்கொள்வேன் என்று நினைத்தேன்.

இப்போது நீதான் பதில் சொல்லவேண்டும். உன் கடிதம் வந்ததிலிருந்து இது ஒன்றுதான் என்னை அரிக்கிறது. அவன் அந்தக் கட்டியில்தான் இருந்தானா? முப்பத்தோரு வருஷம் என்னோடு இருந்தவனை நானே கையெழுத்துப் போட்டு வெட்டி எடுக்கச் சொல்லிவிட்டேனா?

தபால்காரரின் வண்டிச் சத்தம் கேட்கிறது.

அக்கா


மே 1

அக்கா,

இல்லை.

இதை முதல் வரியில் எழுதவேண்டும் என்றுதான் உன் கடிதம் வந்த மறுநிமிடம் உட்கார்ந்தேன். நீ யாரையும் வெட்டி எடுக்கவில்லை.

எனக்குத் தெரிந்த வரை சொல்கிறேன், தெரியாததைத் தெரியாது என்றும் சொல்கிறேன். கருவிலிருந்து வரும் செல்கள் ஓர் இடத்தில் போய் அடைவதில்லை. ரத்தத்தோடு உடம்பு முழுக்கச் சுற்றுகின்றன. ஈரலில், நுரையீரலில், இதயத்தில், எலும்பு மஜ்ஜையில் என்று பல தாய்மார்களிடம் பார்த்திருக்கிறார்கள். உன் மஜ்ஜையை நான் பார்க்கவில்லை, சத்தியம் செய்ய முடியாது. ஆனால் சுரப்பியில் ஏழு இருந்தால் அந்த ஏழு மட்டும்தான் என்று நினைக்க ஒரு காரணமும் இல்லை.

முப்பத்தோரு வருஷத்துக்கு முன்னால் வந்த அதே செல்களா என்று கேட்பாய். அநேகமாக இல்லை. ஒரு செல் தனக்குள் இருக்கும் எழுத்து முழுவதையும் ஓர் எழுத்து விடாமல் படியெடுக்கும். பிறகு இரண்டு படியையும் ஆளுக்கொரு பக்கமாக இழுத்துவைத்து, நடுவில் இடுப்பு சிறுத்து, இரண்டாகப் பிரியும். அப்படித் திரும்பத் திரும்பப் பிரிந்து வந்தவைதான் நான் பார்த்தவை. அவன் கொண்டுவந்த எழுத்து உனக்குள் இன்னும் படியெடுக்கப்பட்டுக்கொண்டிருக்கிறது.

இன்னொன்றையும் யோசித்துக்கொண்டே இருக்கிறேன். உடம்பு ரொம்பக் கறாரான இடம், அக்கா. ஒவ்வொரு செல்லும் தன் மேல்தோலில் அடையாளத்தைக் காட்டிக்கொண்டே இருக்கவேண்டும். வெள்ளை அணுக்கள் காவலுக்குச் சுற்றிவந்து தடவித் தடவிப் பார்க்கும். நம்ம ஆள் என்றால் விடும், வேற்றாள் என்றால் கொன்றுபோடும். ஒரு செல்லுக்குள் வைரஸ் புகுந்துவிட்டால், அந்தச் செல்லே வைரஸின் துணுக்கை எடுத்து வெளியே காட்டும். என்னை முடித்துவிடு, பக்கத்தில் இருப்பவர்களாவது பிழைக்கட்டும் என்பதுபோல. அவ்வளவு கண்டிப்பு. அந்த இடத்தில் பாதி வேற்றாளான அவன் செல்களை முப்பத்தோரு வருஷம் விட்டுவைத்திருக்கிறார்கள். கர்ப்பத்தில் காவலர்கள் கொஞ்சம் கண்ணை மூடிக்கொள்வார்கள் என்று தெரியும். அதற்குப் பிறகும் ஏன் என்று எங்கள் டாக்டரம்மாவுக்கே முழுசாகத் தெரியாது. தெரிந்திருந்தால் எனக்கு வேலையே இருக்காது.

இனி நான் சொல்லவேண்டியது.

நான் ஒன்றை உன்னிடமிருந்து மறைத்துவைத்திருந்தேன். நீ பாசத்தால் மறைத்தாய். நான் மறைத்தது தண்டனையாக. அம்மாவுக்குப் பேச்சு போனபின் ஒரே ஒரு சொல்தான் மிஞ்சியிருந்தது. “வரட்டும்.” பசித்தாலும் அதைத்தான் சொல்வாள், வலித்தாலும் அதைத்தான் சொல்வாள். அதனால் அதற்கு அர்த்தமே இல்லை என்று டாக்டர் சொன்னார். நானோ, ‘வரட்டும், அவளைப் பார்த்துக்கொள்கிறேன்’ என்று உன்மேல் கோபப்படுகிறாள் என்று எடுத்துக்கொண்டேன். என் கோபத்துக்கு அது தோதாக இருந்தது. ஆனால் தினமும் சாயங்காலம், நல்ல கையைத் தூக்கி, சுவரோரம் சுருட்டி வைத்திருந்த உன் படுக்கையைக் காட்டுவாள். விரிக்கும்வரை விடமாட்டாள். விரித்தபின் தலையணையைத் தட்டும்படி சைகை காட்டுவாள். பிறகு “வரட்டும்” என்பாள். கடைசி நாள் வரைக்கும் விரித்தேன், அக்கா. எரிச்சலோடுதான் விரித்தேன். இந்த வேலையெல்லாம் நான் செய்ய, படுக்கை மட்டும் உனக்கா என்று.

அவள் உன்னை வரச் சொன்னாள். எந்தக் கோலத்தில் என்றாலும். இதைப் பதினைந்து வயதிலேயே நான் சொல்லியிருந்தால், நீ இத்தனை வருஷம் அவள் கதவருகே சொன்னதை மட்டும் கேட்டுக்கொண்டிருக்கமாட்டாய்.

மன்னிப்பெல்லாம் கடிதத்தில் கேட்க எனக்கு வராது. கிளம்பி வா. டாக்டரம்மாவிடம் எதுவும் சொல்லவில்லை. அது நீ முடிவு செய்யவேண்டியது. கண்ணாடி என் மேசை இழுப்பறையில், இருட்டில், பத்திரமாக இருக்கிறது. வெளிச்சம் பட்டால் பச்சை மங்கிவிடும். அதனால் சீக்கிரம் வா.

சுண்டெலி


ஜூன் 6

என் சுண்டெலி,

நல்லபடியாக வந்துசேர்ந்தேன். ரயிலில் கூட்டம் இல்லை, ஜன்னல் பக்கமே கிடைத்தது. நீ கட்டிக்கொடுத்ததில் பாதியைத்தான் தின்ன முடிந்தது. உனக்கு அளவு தெரியவில்லை. ஒரு பட்டாளத்துக்குக் கட்டியிருக்கிறாய்.

உன் வீட்டில் ஒரு வாரத்தில், இத்தனை வருஷம் பேசாததை எல்லாம் பேசிவிட்டோம் என்று நினைத்தேன். ரயில் கிளம்பியதும்தான் பாக்கி எல்லாம் ஞாபகம் வருகிறது. அந்த இருட்டறையைப் பற்றி நாம் பிறகு பேசவே இல்லை, பார்த்தாயா? நீ என்னை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டுப் பின்னால் நின்றாய். முதலில் எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. கண்ணாடி ஆவி படிந்த மாதிரி மங்கல். உன் மெஷின் கெட்டுவிட்டதோ என்று பார்த்தால், என் கண்தான். நீ வந்து துடைத்தாய். லென்ஸையா, என்னையா, இரண்டையுமா, ஞாபகமில்லை. அப்புறம் நீலம் வந்தது. எத்தனை நீலம்! நான் முப்பது வருஷமாக மேலே பார்த்து வேலை செய்கிறவள், கீழே குனிந்தால் இப்படி ஒரு வானம் இருக்கும் என்று யாரும் சொல்லவில்லை. அதில் ஓரமாக, ஒரு செல்லுக்குள், அந்தச் சின்னப் பச்சை. அக்கம்பக்கத்தில் இருந்த நீலமெல்லாம் அதைச் சேர்த்தணைத்துக்கொண்டு சும்மா இருந்தன. நான் ஏழையும் எண்ணினேன். பிறகு திரும்பவும் எண்ணினேன். நீ, “போதும்கா, வெளிச்சத்துல ரொம்ப நேரம் வெச்சா மங்கிடும்” என்றாய். மங்கட்டும் என்றுகூட ஒரு கணம் தோன்றியது, பார்த்தாகிவிட்டதே.

டாக்டரம்மாவிடம் நான் சொன்னது சரிதான், மறுபடி யோசித்தும் சரிதான். என் எண்ணைக் குழந்தை பெறாதவர்களின் பட்டியலிலிருந்து எடுத்து மகன் பெற்றவர்களின் பட்டியலில் போட்டுவிடட்டும். அவர் பேனாவை எடுத்து, “குழந்தை எத்தனை நாள் இருந்தது?” என்று கேட்டபோது, நீ எனக்கு முன்னால் “ஆறு நாள்” என்றாய். உன் குரல் அப்போது அம்மா குரல் மாதிரியே இருந்தது.

அவன் பெயரை உன் காதில் மட்டும் சொன்னேன். உன்னோடு இருக்கட்டும். காகிதத்தில் வேண்டாம்.

இங்கே வந்தால் எல்லாம் அப்படியே இருக்கிறது. கழுத்துக் கோட்டைத் தடவிப் பார்க்கும் பழக்கம் வந்துவிட்டது. உன் படுக்கையை நானும் நேற்று விரித்துவைத்தேன். லீவு எடுத்துக்கொண்டு வா. கம்பளி எடுத்துவர மறக்காதே.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். ரயிலில் எதிரே ஓர் அம்மா, என் வயதுதான் இருக்கும். மடியில் பேரன் தூங்கிக்கொண்டிருந்தான். அவள் மகள், மருமகன், மகன், மகனுக்கு வேலை மாறியது என்று எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டு, என்னைப் பார்த்து, “உங்களுக்கு எத்தனை பிள்ளைங்க?” என்று கேட்டாள். எத்தனையோ பேர் கேட்டிருக்கிறார்கள். ‘இல்லை’ என்பேன், அவர்கள் முகம் மாறும், நான் ஜன்னலைப் பார்த்துக்கொள்வேன்.

“ஒரு பையன்” என்றேன்.

“எங்க இருக்கார்?”

“என்கூடத்தான்” என்றேன்.

“கொடுத்து வெச்சவங்க நீங்க. எனக்குப் பாருங்க, பெத்தது ரெண்டும் ஆளுக்கொரு ஊர்ல” என்றாள் அந்த அம்மா.

அக்கா